எலுமிச்சை அளவுப் பந்தில் ஒரு படகு

2018 டிசம்பரில் வந்தவாசி அருகே கொரக்கோட்டை கிராமத்திலிருந்து ஒரு பாறை பெங்களூருக்குப் புறப்பட்டது. விஷ்ணு சிலைக்காக வெட்டியெடுத்த ஒற்றைக் கல். எடை 300 டன்னுக்கு மேல். அதைச் சுமந்தது 240 டயர் பூட்டிய டிரெய்லர். செஞ்சியில் கடைவீதி குறுக்கே நின்றது. ஓசூர் அருகே தென்பெண்ணையில் பாலம் இந்தப் பாரத்தைத் தாங்காது என்று ஆற்றுக்குள்ளேயே மண்பாதை போட்டார்கள். 2019 நடுவில்தான் அது தொம்மலூருக்குப் பக்கத்து ஈஜிபுரம் வந்து சேர்ந்தது. சாதாரணமாக ஒரு பகலில் முடியும் பயணத்துக்கு அரை வருடம்!

கல்லின் பாரம் 300 டன் என்றே வைத்துக்கொண்டு 240-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு டயருக்கு ஒன்றேகால் டன். நம் தெருவில் ஓடும் மணல் லாரியின் டயர் ஒவ்வொன்றும் 2 டன்னுக்கு மேல் தாங்குகிறது. டயர் அளவில் பார்த்தால் அந்தப் பிரம்மாண்டம் மணல் லாரியைவிட லேசு! இப்படிப்பட்ட டிரெய்லர்களில் அச்சுகள் எண்ணெய்க் குழாய்களால் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் எண்ணெய் அங்கே ஓடி அதைக் கீழே நீட்டும். மேட்டில் ஏறிய சக்கரம் மேலே ஒதுங்கும். பாரம் எல்லாச் சக்கரத்துக்கும் பிரிந்தபடியே இருக்கும். பாலத்துக்கு மட்டும் இந்தப் பங்கீடு போதாது. அதன் மேல் ஒரே நேரத்தில் நிற்பது மொத்தப் பாரமும் அல்லவா? ஆற்றில் மண்பாதை போட்டது அதனால்தான்.

அந்தக் கல்லை நினைத்துக்கொண்டே தொம்மலூர் மேம்பாலத்துக்கு வாருங்கள். சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி அல்சூர் ஏரி. கடலே இல்லாத இந்த ஊரில் படகு மிதக்கும் தண்ணீர் அது. ஒரு பிக்கப் வண்டி ஐந்து மீட்டர் ஃபைபர் படகை இழுத்துக்கொண்டு இந்த மேம்பாலத்தில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். எஞ்சினோடு படகு 700 கிலோ, டிரெய்லர் 300 கிலோ; ஆக ஒரு டன். கல்லுக்கு முன்னால் இது தூசு. ஆனாலும் இதற்குள் இருக்கும் நுட்பம் அந்த 240 சக்கர வண்டிக்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை.

பெங்களூருக்குத் தென்மேற்கே பிடதியில் தயாராகும் டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற நடுத்தரப் பிக்கப்பின் முதுகில் ஒரு டன்னை ஏற்றினாலே நிறைந்துவிடும். வெளிநாடுகளில் அதே வண்டிக்கு 3,500 கிலோ வரை இழுக்க அனுமதி தருகிறார்கள். சுமப்பதைப் போல மூன்று மடங்குக்கு மேல் இழுக்க முடிவது எப்படி? நின்றுபோன காரைத் தள்ளிய எவருக்கும் விடை தெரியும். தூக்கவே முடியாத காரை இரண்டு பேர் தள்ளி நகர்த்திவிடுகிறோம். சமதரையில் ஒரு டன் டிரெய்லர் உருண்டுகொண்டே இருக்க 15 கிலோ அளவு இழுவிசை போதும். மேடுதான் கணக்கை மாற்றும். 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மேம்பாலத்தில் அதோடு இன்னும் 50 கிலோ கூடும். ஹைலக்ஸின் ஆட்டோமேட்டிக் கியர் மாடலில் முறுக்குவிசை 500 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 50 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால் மறுநுனி எவ்வளவு முறுக்கப்படுமோ, அவ்வளவு. கியர் அதை இன்னும் பல மடங்கு பெருக்கித்தான் சக்கரத்துக்குத் தருகிறது. ஆகவே இழுப்பது பெரிய காரியமில்லை. இழுபடுவதை ஒழுங்காகப் பின்னால் வரவைப்பதில்தான் எல்லா வித்தையும் இருக்கிறது.

வித்தை தொடங்கும் இடம் ஓர் இரும்புப் பந்து. 50 மில்லிமீட்டர் குறுக்களவு, பெரிய எலுமிச்சம்பழம் அளவு. டிரெய்லரின் மூக்கில் உள்ள கிண்ணம் அதன்மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். நம் தோள்மூட்டு இதே அமைப்புதான். வண்டி திரும்பினால் பந்து வழிவிடும். வேகத்தடையில் ஏறினால் மேலும் கீழும் ஆடவிடும். ஒரு சக்கரம் குழியில் விழுந்து டிரெய்லர் சரிந்தால் அந்தச் சரிவு வண்டிக்கு ஏறாமல் உருண்டுகொடுக்கும். கூடவே இரண்டு சங்கிலிகளை மூக்குக்கு அடியில் குறுக்காகப் பின்னி மாட்டுவார்கள். பந்து கழன்றால் மூக்கு தார்ச்சாலையில் குத்தாமல் அந்தப் பின்னலில் தொட்டில் போல விழும்.

அடுத்தது பாரம் வைக்கும் இடம். இதை எழுதத்தான் நான் உட்கார்ந்தேன். நம் மாட்டுவண்டிக்காரர்களுக்கு இது அத்துப்படி. மூட்டைகளை முன்னால் குவித்தால் ‘முன்பாரம்’. நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் குவித்தால் ‘பின்பாரம்’. நுகத்தடி மேலே தூக்கும். மாட்டைப் பூட்டுமுன் கையால் தூக்கிப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார்கள். படகு டிரெய்லருக்கும் அதே விதி. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவோ கூடவோ பந்தின்மேல் அழுத்த வேண்டும். நம் ஒரு டன்னுக்கு 80 கிலோ, அதாவது ஓர் ஆள் பந்தின்மேல் உட்கார்ந்த மாதிரி.

இந்த 80 கிலோ எவ்வளவு சுலபமாகக் காணாமல் போகும் தெரியுமா? பந்துக்கும் டிரெய்லரின் அச்சுக்கும் இடையே நான்கு மீட்டர் தூரம் என்று கொள்ளுங்கள். 700 கிலோ படகு ஒரு முழம், அதாவது 45 சென்டிமீட்டர் பின்னே நகர்ந்தால் முன்பாரம் ஏறத்தாழ முழுவதும் போய்விடும். ஒரே முழம்! படகை முன்னால் இழுத்து நிறுத்தும் கைச்சுற்று விஞ்சும், படகின் மூக்கு முட்டி நிற்கும் ரப்பர் கட்டையும் அந்த முழத்தைக் காக்கத்தான் இருக்கின்றன.

காக்காவிட்டால் வருவது வாலாட்டம். டிரெய்லர் இடமும் வலமும் வீசத் தொடங்குவதற்கு நான் வைத்துக்கொண்ட பெயர் அது. ஒரு லாரி உரசினாற்போலக் கடந்து போகும் காற்றே அதைத் தொடங்கிவைக்கப் போதும். குறைந்த வேகத்தில் ஒவ்வொரு வீச்சையும் டயர்களின் பிடிப்பு தின்றுவிடும். ஆட்டம் தானே அடங்கும். ஓர் எல்லை வேகத்தைத் தாண்டியதும் நிலைமை தலைகீழ். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவது போல ஒவ்வொரு வீச்சும் அடுத்ததைப் பெரிதாக்கும். ஓட்டுநர் பயந்து ஸ்டீயரிங்கை ஒடித்தால் அந்தத் தள்ளலில் அவர் கையும் சேர்ந்துகொள்ளும். முன்பாரம் இருந்தால் அந்த எல்லை வேகம் மேலே போகிறது. முனை கனத்த அம்பு நேராகப் பாய்வது போல, மூக்கு கனத்த டிரெய்லர் நேராக வருகிறது. அதற்காக முன்பாரத்தை அள்ளி வைத்தாலும் ஆபத்து. பிக்கப்பின் பின்புறம் அமுங்கும், முன்சக்கரங்கள் லேசாகும், ஹெட்லைட் வானம் பார்க்கும், ஸ்டீயரிங்கின் பிடி தளரும். வாலாட்டம் தொடங்கிவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருப்பதே வழி. 60-இல் ஓடும்போது இருக்கும் இயக்க ஆற்றல் 80-இல் ஏறத்தாழ 1.8 மடங்கு ஆகிவிடும் என்பதை மனதில் வைத்தால் போதும். கால் தானே லேசாகும்.

மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு வேலை செய்கிறது. தண்ணீரில் முங்கப் போகும் வண்டி என்பதால் பல படகு டிரெய்லர்களில் மின்சார பிரேக் வைப்பதில்லை. பிறகு அதற்கு யார் பிரேக் போடுவது? டிரெய்லரே போட்டுக்கொள்கிறது! முன்வண்டி வேகம் குறைந்ததும் பின்னால் வரும் ஒரு டன் முன்னோக்கி முட்டும். மூக்கில் உள்ள தண்டு உள்ளே அமுங்கி எண்ணெயை அழுத்த, அந்த அழுத்தம் டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்கும். பலமாக முட்டினால் பலமான பிரேக், மெல்ல முட்டினால் மெல்லிய பிரேக். கம்பி இல்லை, கணினி இல்லை. வரும் ஆபத்தின் அளவே மருந்தின் அளவாகிறது. இதை முட்டுப் பிரேக் என்று சொல்லலாம். பின்னோக்கித் தள்ளும்போதும் தண்டு அமுங்கத்தானே செய்யும்? அப்போது பிரேக் பிடிக்காமலிருக்கத் தனி ஏற்பாடும் உண்டு.

பின்னோக்கித் தள்ளுவது தனிக் கலை. முன்னால் போகும்போது டிரெய்லர் இழுத்த கயிறு போலத் தானே நேராகும். திருப்பங்களில் மட்டும் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பின்னால் தள்ளும்போது அது உள்ளங்கையில் நிறுத்திய துடைப்பக்கட்டை. சிறு கோணலும் நொடிக்கு நொடி பெருகும். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் சுற்றினால் டிரெய்லர் இடப்பக்கம் போகும். பழகியவர்கள் ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடிக்கச் சொல்வார்கள். அப்படிப் பிடித்தால் கை எந்தப் பக்கம் நகர்கிறதோ, டிரெய்லரும் அந்தப் பக்கமே போகும். நீளமான டிரெய்லரைவிடக் குட்டை டிரெய்லர்தான் சீக்கிரம் மடங்கிக்கொள்ளும்.

கடைசியில் கரைச்சரிவு. நம் மீனவர்கள் மணலில் டிராக்டர் வைத்து ஃபைபர் படகை இழுக்கும் வேலையைச் சரிவுள்ள ஏரிக்கரையில் தண்ணீரே பாதி செய்துவிடுகிறது. டிரெய்லர் உள்ளே இறங்க இறங்கப் படகின் பாரம் குறைந்து, தானே எழுந்து மிதக்கும். ஓடிவந்த சக்கரத்தின் பேரிங் மட்டும் சூடாக இருக்கும். சூட்டோடு முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிவிடும், பிறகு துரு. இதைத் தடுக்க ஒரு சின்ன மூடி உண்டு. அதற்குள் ஸ்பிரிங் ஒன்று கிரீஸை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டே இருப்பதால், தண்ணீர் நுழையுமுன் கிரீஸ் அந்த இடத்தை நிரப்பிவிடும். மூடி இருந்தாலும் கரையில் கால் மணி நேரம் நின்று சக்கரம் ஆறவிடுங்கள்.

அந்தக் கால் மணியில் ஒரு வேலை இருக்கிறது. பயணத்தின்போது மழைநீர் வடியட்டும் என்று படகின் பின்னடியில் ஒரு துளையைத் திறந்து வைத்திருப்பார்கள். கட்டைவிரல் அளவுதான். தண்ணீரில் இறக்குமுன் அதன் அடைப்பை மாட்டி, கையால் திருகி இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.