மீதி எவ்வளவு காற்று இருக்கு? ஸ்கூபா டைவிங் பாதுகாப்பு மாறிய கதை

கடலுக்குள் 20 மீட்டர் ஆழம். மூச்சை இழுத்தால் காற்று சரியாக வரவில்லை. சிலிண்டர் காலியாகப் போகிறது என்பதற்கு 1950-களில் பல டைவர்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை இது மட்டும்தான்!

எப்படித் தொடங்கியது?

1943-ல் பிரான்ஸில், கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் இன்ஜினீயர் எமில் கான்யானும் சேர்ந்து 'அக்வா-லங்' கருவியை உருவாக்கினர். மூச்சை இழுக்கும்போது மட்டும், ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்று தரும் ரெகுலேட்டர்தான் இதன் ஸ்பெஷல்.

ஆனால், மீதிக் காற்றைக் காட்டும் மீட்டர் இல்லை. மூச்சு இறுகினால் சிலிண்டரில் உள்ள லிவரை இழுக்க வேண்டும். கொஞ்சம் காற்று கிடைக்கும். பழைய பைக்கில் பெட்ரோல் ரிசர்வ் போடுவோமே, அதே டெக்னிக். சிக்கல் என்னன்னா, எங்காவது இடித்து லிவர் முன்பே நகர்ந்திருந்தால் ரிசர்வும் காலி.

என்னவெல்லாம் மாறியது?

பிரஷர் கேஜ்: மீதிக் காற்றை எந்த நேரமும் பார்க்கலாம். லிவர் தேவையில்லாமல் போனது.

ஆக்டோபஸ்: ஒவ்வொருவரிடமும் இருக்கும் கூடுதல் ரெகுலேட்டர். முன்பு ஒருவருக்குக் காற்று தீர்ந்தால், இருவரும் ஒரே ரெகுலேட்டரை மாற்றி மாற்றி வாயில் வைக்க வேண்டும். பதற்றத்தில் அது எவ்வளவு கஷ்டம்!

பிசிடி ஜாக்கெட்: காற்றை நிரப்பி மிதக்கலாம், வெளியேற்றி இறங்கலாம்.

டைவ் கம்ப்யூட்டர்: ஆழத்தில் நைட்ரஜன் உடலில் கரைகிறது. வேகமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல அது குமிழிகளாக மாறும். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை வரலாம். இதைத் தவிர்க்க அட்டவணை பார்த்துக் கணக்குப் போட்டார்கள். 1980-களில் வந்த கம்ப்யூட்டர் அந்தக் கணக்கை நீருக்குள்ளேயே, நொடிக்கு நொடி போடுகிறது.

பழக்கமும் மாறியது. முன்பு நிமிடத்துக்கு 18 மீட்டர் வேகத்தில் மேலேறினார்கள். இப்போது பல பயிற்சிகளில் 9 மீட்டர்தான். கூடவே, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிட 'சேஃப்டி ஸ்டாப்'.

கருவியால் முடியாதது எது?

10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், அந்தக் காற்று இரு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியலாம். இதை எந்த கம்ப்யூட்டராலும் தடுக்க முடியாது. 'மூச்சை அடக்காதே' என்பதே பயிற்சியின் முதல் பாடம்.

அந்தமான் ட்ரிப்பில் டைவ் பிளானா?

ஆஸ்துமா போன்ற பிரச்சினை இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள். இறங்கும் முன் கேஜைப் பாருங்கள். ஆக்டோபஸ் எங்கே என்று கேளுங்கள். பல முறை டைவ் செய்தால், விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேர இடைவெளி விடுங்கள். ரிட்டர்ன் டிக்கெட்டை அதற்கேற்ப புக் பண்ணுங்க.