மனுவின் உயிர் ‘பொருள்’ வரியில்

தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் வந்து சேரும் மனுக்கள் ஆட்சியர் மேசையோடு நிற்பதில்லை. வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் என்று தாள் கைமாறிக்கொண்டே போகும். எழுதியவர் அதன் கூடவே போக முடியாது. கேள்வி கேட்க ஆளில்லாத இடத்திலும் புரிகிற மாதிரி எழுதுவதுதான் மனு எழுதும் கலை.

அனுப்புநர், பெறுநர் இரண்டும் எளிது. சிக்கல் ‘பொருள்’ என்ற வரியில். தபாலைப் பிரிக்கும் எழுத்தர் அதைப் பார்த்துத்தான் மனு எந்தப் பிரிவுக்கு என்று முடிவு செய்கிறார். ‘பட்டா தொடர்பாக’ என்று எழுதினால் அவருக்கு என்ன தெரியும்? முழு நிலத்துக்கும் பெயர் மாற்றமா, நிலத்தைப் பிரித்து உட்பிரிவு செய்வதா? உட்பிரிவென்றால் நில அளவர் வந்து அளக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வழியில் போகிறவை. ‘புல எண் 112/3, தந்தை இறந்ததால் பட்டாவில் வாரிசுகள் பெயர் சேர்க்கக் கோருதல்’ என்று கிராமம், வட்டத்தின் பெயரோடு எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நிலத்தை வயல் வயலாக அளந்து, உழவர் பெயரிலேயே வரியை எழுதும் ரயத்துவாரி முறைக்குச் சோதனைக் களமாக இருந்ததே தருமபுரியை உள்ளடக்கிய இந்தப் பாராமகால் மண்தான். 1792-இல் இது கிழக்கிந்தியக் கம்பெனி வசமானதும் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் அந்த வேலையைத் தொடங்கினார்கள். மன்றோ 1799 வரை இங்கே இருந்தார். நில ஆவணத்தில் எண்ணும் பெயரும் எவ்வளவு முக்கியம் என்பது இந்த ஊருக்குப் பழைய பாடம்.

முன்பே மனு கொடுத்திருந்தால் ‘பார்வை’ என்ற வரியில் அதன் எண்ணும் தேதியும் வர வேண்டும். இல்லாவிட்டால் அது புது மனுவாகி, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

நீண்ட கதை வேண்டாம். தகவல் கேட்கும் மனுவையே எடுத்துக்கொள்வோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி, தகவல் கேட்பவர் காரணமே சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பக்கம் பக்கமாகக் காரணம் எழுதுகிறோம். கேள்வி அதற்குள் புதைந்துபோகிறது.

‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்ற முடிப்பை நான் அடியோடு வெறுக்கிறேன். யார் கேட்கிறார், என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டுமே அதில் இல்லை. ‘வாரிசுகள் மூவர் பெயரையும் பட்டாவில் சேர்த்துத் தர வேண்டுகிறேன்’ என்று எழுதி, கீழே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என இணைப்புகளைக் குறித்து, தொலைபேசி எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.