கிர்கிஸ்தானில் பயணியின் பணம் யாருக்குப் போகிறது?

எம்மவரின் வெளிநாட்டுப் பயணம் பெரும்பாலும் உம்ராவோடு முடிந்துவிடும். அதற்கு மேல் போனால் துபாய், துருக்கி. மத்திய ஆசியாவில் கிர்கிஸ்தான் என்றொரு முஸ்லிம் பெரும்பான்மை நாடு இருப்பது பலருக்கு நினைவில் வராது. இலங்கையைப் போல மூன்று மடங்கு நிலம். சனத்தொகையோ எம்மில் மூன்றிலொரு பங்கு, ஏறக்குறைய 70 இலட்சம். நிலத்தில் 90 வீதத்துக்கும் மேல் மலை. ஆசிரியர் கலாசாலையில் இருந்த காலத்தில் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ நாவலைத் தமிழில் வாசித்திருந்தேன். அந்த நாட்டைப் பற்றி எனக்கிருந்த அறிவு அவ்வளவுதான்.

துபாயில் தொழில் செய்யும் மச்சானுடன் அங்கு போகும் வாய்ப்பு வந்தபோது, அவர் ஏற்கெனவே ஒரு முகவரிடம் விலை கேட்டு வைத்திருந்தார். ஹோட்டல், வாகனம், சாப்பாடு எல்லாம் அடக்கம். வசதிதான். ஆனால் நாம் பார்க்கப் போகும் மலைக் கிராமத்தவர் கையில் அதில் எவ்வளவு சேரும் என்று கேட்டேன். பதில் இல்லை. வேறு வழி தேடினோம்.

அந்த வழி பிறந்த கதை முக்கியமானது. 1991 இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் கூட்டுப்பண்ணைகளும் கலைந்தன. ஒரு கோடியை அண்மித்திருந்த செம்மறிகளின் தொகை சில வருடங்களில் பாதிக்கும் கீழே இறங்கியது. மேய்ப்பர் குடும்பங்கள் வருமானமின்றித் தவித்தன. 2000 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஹெல்வெட்டாஸ் நிறுவனத்தின் உதவியோடு கொச்கோர் என்ற சிற்றூரில் சமூகச் சுற்றுலாக் குழுவொன்று தொடங்கியது. ஏனைய ஊர்களிலும் குழுக்கள் உருவாகி, 2003 இல் தேசிய சங்கமாக இணைந்தன. ஊரில் ஓர் இணைப்பாளர் இருப்பார். அறை, குதிரை, வழிகாட்டி, சாப்பாடு என ஒவ்வொன்றுக்கும் தனி விலை. பணத்தில் பெரும்பகுதி சேவை வழங்குபவருக்கே போகும். சிறு பங்கு குழுவின் செலவுக்கு. பேரம் பேச இடமில்லை. எம்மவருக்கு இதுதான் கொஞ்சம் கஷ்டம்!

எமது வழிகாட்டி குளிர்காலத்தில் பாடசாலை ஆசிரியர். அவரோடு குதிரையில் சொங்-குல் ஏரிக்கு ஏறினோம். உயரம் 3016 மீற்றர். பிதுருதலாகலையை விட ஏறக்குறைய 500 மீற்றர் அதிகம். மச்சானுக்குத் தலையிடி வந்ததும் வழிகாட்டி அன்றைய திட்டத்தை நிறுத்தி, அவரைப் படுக்க வைத்துவிட்டார்.

ஏரிக்கரையில் ஒரு மரமும் கிடையாது. காய்ந்த சாணம்தான் அடுப்பெரிக்க. ஜூன் முதல் செப்டெம்பர் வரை குடும்பங்கள் கம்பளிக் கூடாரங்களில் தங்கி மந்தை மேய்க்கின்றன. பாதையை விட்டு விலகி ஜீப் ஓடினால் அந்தத் தடத்தில் புல் மீண்டும் வர வருடங்கள் பிடிக்கும். புல் போனால் பாலும் இறைச்சியும் கம்பளியும் போயிற்று. குப்பை அள்ள அங்கே பிரதேச சபை ட்ரக்டர் வராது. கொண்டுபோனதை நாமே திருப்பிக் கொண்டுவர வேண்டும். நுவரெலியாவில் புரியாணிச் சட்டியை இறக்கி, லஞ்ச் ஷீற்றுகளைப் புல்வெளியில் விட்டுவரும் எமது பழக்கம் அங்கே ஒரு குடும்பத்தின் பிழைப்பில் கைவைப்பதாகும்.

கூடாரத்தில் சில ஒழுங்குகள் உண்டு. பாதணியைக் கழற்ற வேண்டும், ரொட்டியைத் தலைகீழாக வைக்கக் கூடாது. கிமிஸ் எனும் புளித்த குதிரைப்பாலை அன்போடு நீட்டுவார்கள். அதில் சிறிதளவு மதுசாரம் உண்டு என்பதை எம்மவர் அறிந்திருப்பது நல்லது. தேநீர் போதும் என்றால் யாரும் கோபிப்பதில்லை. சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் கையேந்தி, “ஓமீன்” என்று முகத்தில் தடவிக்கொள்வார்கள். அந்த ஓர் இடத்தில் மட்டும் எமக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

ஏதாவது வாங்க விரும்பினால் ஷிர்தாக் விரிப்பை அதைச் செய்யும் பெண்களிடமே வாங்குங்கள். இரு நிறக் கம்பளித் தகடுகளைச் சேர்த்து வெட்டி, துண்டுகளை மாற்றிப் பொருத்தித் தைப்பார்கள், எதுவும் வீணாவதில்லை. அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் 2012 இல் யுனெஸ்கோ இக்கலையைச் சேர்த்தது. இயந்திர விரிப்பை விட விலை கூடத்தான்.

போக நினைப்பவர்களுக்கு ஜூலை, ஓகஸ்ட் மாதங்கள் பொருத்தம். அப்போதும் தடித்த உடுப்பு கட்டாயம். ஏரிக்கரையில் இரவுக் குளிர் கடுமையானது.