எட்டு என்றால் நாற்பது

செல்லப்பிராணிக் கடைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் மனதுக்குள் போடும் கணக்கு இது. உலர் உணவுப் பையின் முதுகில் புரதம் 22 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது. பக்கத்தில் அடுக்கியிருக்கும் டின்னைத் திருப்பினால் வெறும் 8 சதவீதம். ஒரு வேளைச் சாப்பாட்டின் விலையோ டின்னுக்குத்தான் கூடுதல். ‘தண்ணியை அடைச்சு வித்துக் காசு பாக்குறானுங்க’ என்று சொல்லிவிட்டு டின்னை வைத்த இடத்திலேயே வைத்துவிடுகிறார்கள். தண்ணீர் இருப்பது உண்மைதான். ஆனால், 8-ஐயும் 22-ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்தான் கணக்கு பிசகிவிட்டது.

டின் உணவில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ தண்ணீர். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பச்சைக் கோழிக்கறியிலேயே ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். அமெரிக்காவின் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ஆஃப்கோ, நாய் உணவில் ஈரப்பதம் 78 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ‘கிரேவி’, ‘ஸ்டியூ’ என்று பெயரிலேயே சொல்லிவிட்டால் அந்த வரம்புக்கும் விலக்கு உண்டு.

ஆகவே தண்ணீரைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். டின்னில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 100 கிராமில் தண்ணீர் போக மிச்சம் 20 கிராம். அதில் 8 கிராம் புரதம். அதாவது உலர் எடையில் 40 சதவீதம். பையில் ஈரப்பதம் 10 சதவீதம். மிச்சம் 90 கிராமில் 22 கிராம், கிட்டத்தட்ட 24 சதவீதம். தோற்றது எது, ஜெயித்தது எது என்பது தலைகீழாகிவிட்டது. வளர்ந்த நாய்க்கு உலர் எடையில் குறைந்தது 18 சதவீதமும், குட்டிகளுக்கும் சினை நாய்க்கும் 22.5 சதவீதமும் புரதம் வேண்டும் என்பது ஆஃப்கோவின் அளவு. இரண்டுமே தேறிவிடுகின்றன.

இந்தக் கணக்கில் ஈரப்பத எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். அதே 8 சதவீதப் புரதம், ஈரப்பதம் 78 ஆக இருந்தால் 36. 82 ஆக இருந்தால் 44. தண்ணீரில் நாலு புள்ளி நகர்ந்தால் புரதம் எட்டுப் புள்ளி நகர்கிறது. போதாக்குறைக்கு, லேபிளில் புரதம் என்பது ‘குறைந்தபட்சம்’, ஈரப்பதம் என்பது ‘அதிகபட்சம்’. உள்ளே இருப்பது சரியாக அதுதான் என்று பொருளில்லை.

விலையைப் பார்க்க கலோரிக் கணக்கு வேண்டும். புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, சாம்பல், ஈரப்பதம் எல்லாவற்றையும் கூட்டி 100-லிருந்து கழித்தால் கிடைப்பது மாவுச்சத்து. புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 3.5 கலோரி, கொழுப்புக்கு 8.5. நம் டின்னில் கொழுப்பு 5, நார் 1, சாம்பல் 2.5 என்றால் மாவுச்சத்து 3.5. மொத்தம் 100 கிராமுக்கு ஏறக்குறைய 83 கலோரி. கருத்தடை செய்த 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 630 கலோரி தேவை. அப்படியானால் 400 கிராம் டின் ஏறக்குறைய இரண்டு. இங்கே டின் உணவு விலை கூடியதுதான், மறைக்க ஒன்றுமில்லை. அதனால் பலரும் உலர் உணவோடு கொஞ்சம் டின் உணவைக் கலந்து வைக்கிறார்கள். அதில் தவறு கிடையாது.

சரி, 40 சதவீதப் புரதம். எதன் புரதம்?

கிரேவியில் கிடக்கும் துண்டு ஒன்றை எடுத்துக் கழுவி, கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கறித்துண்டு என்றால் நார் ஓடும், வெட்டும்போது ஒரு திசையில் பிரியும். பல டின்களில் அப்படி இருக்காது. பனீர்த் துண்டைப் போல எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒரே சீராக இருக்கும். கறி, ஈரல், நுரையீரல், ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மா, கோதுமை குளூட்டன் ஆகியவற்றைப் பசைபோல அரைத்து, நீராவிச் சுரங்கத்துக்குள் செலுத்தி இறுக வைத்து, பிறகு துண்டு போடுகிறார்கள். அந்தத் துண்டின் வடிவம் வாங்குகிற மனிதருக்காக. நாய் மோந்து பார்க்கும், முழுங்கும். கறியின் வெட்டு அழகாக இருக்கிறதா என்று பார்க்காது. இந்தத் தயாரிப்பு முறையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குளூட்டனுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

லேபிளில் உள்ள ‘புரதம்’ யாரும் நேரடியாக அளந்த புரதம் அல்ல. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பியர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்த யோஹான் கெல்டால் 1883-இல் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். பொருளை அமிலத்தில் கரைத்து அதிலுள்ள நைட்ரஜனை அளப்பது. புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால், கிடைத்த எண்ணை 6.25-ஆல் பெருக்கினால் ‘கச்சாப் புரதம்’. எளிது, மலிவு, நூறு வருடங்களுக்கு மேலாக உலகமே பயன்படுத்துகிறது. ஒரே ஒரு குறை. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று இந்தச் சோதனை கேட்பதில்லை.

மெலமைன் என்பது சாப்பாட்டுத் தட்டுகளுக்கான பிளாஸ்டிக்கில் பயன்படும் ரசாயனம். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கெல்டால் கணக்குப்படி ஒரு கிராம் மெலமைன் நாலு கிராமுக்கும் மேலான ‘புரதம்’. 2007-இன் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து விழத் தொடங்கின. மார்ச் 16 அன்று கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் சுமார் 6 கோடி டின்களையும் பைகளையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. எல்லாமே கிரேவியில் துண்டு போட்ட ரகம். எலிப்பாஷாணமாக இருக்குமோ என்ற சந்தேகம் முதலில் எழுந்து, பிறகு அடங்கியது. மாத இறுதியில்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மெலமைனைக் கண்டுபிடித்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமை குளூட்டனில் இருந்தது அது. பிறகு இன்னும் தோண்டியபோது அது குளூட்டனே இல்லை, மெலமைன் கலந்த சாதாரணக் கோதுமை மாவு என்று தெரிந்தது. மெலமைன் தனியாக அவ்வளவு கொடிய விஷமல்ல. கூடவே வந்த சயனூரிக் அமிலத்தோடு சேர்ந்தபோது சிறுநீரகக் குழாய்களில் கரையாத படிகங்களாக உறைந்து அடைத்துவிட்டது.

அந்த ஒரே நிறுவனம் நூறு பிராண்டுகளுக்கு நெருக்கமாகத் தயாரித்துக் கொடுத்தது என்பதுதான் வாங்குகிறவர்களை உலுக்கியது. சூப்பர் மார்க்கெட்டின் மலிவு டின்னும், மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிய டின்னும் ஒரே ஆலையில் அடைபட்டவை. அடுத்த வருடம் சீனாவில் இதே தந்திரம் குழந்தைகளுக்கான பால்பவுடரில் வெளிப்பட்டது. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தன. நாய்களின் சாவை அன்றே முழுமையாகப் பின்தொடர்ந்திருந்தால் என்ற கேள்வி எனக்கு இன்றும் தீரவில்லை.

கலப்படம் இல்லாதபோதும் நைட்ரஜன் எண் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. கால்நடை ஊட்டச்சத்துப் பாடத்தில் ஒரு பழைய கிண்டல் உண்டு: தேய்ந்த தோல் பூட்ஸ், கழிவு எஞ்சின் ஆயில், நிலக்கரித் தூள் மூன்றையும் கலந்தால் லேபிளில் புரதமும் கொழுப்பும் கச்சிதமாக வந்துவிடும். செரிக்குமா என்பதை லேபிள் சொல்லாது.

ஆகவே சதவீதங்களுக்கு முன்னால் நான் தேடுவது ஒரு வாக்கியத்தை. ‘முழுமையான, சமச்சீரான உணவு’, எந்த வயது நாய்க்கு என்ற குறிப்போடு. ‘துணை உணவு’ என்றோ, ‘இடையிடையே கொடுக்க’ என்றோ இருந்தால் அது தின்பண்டம், சாப்பாடு அல்ல. ‘நூறு சதவீதம் கறி’ என்று பெருமையடிக்கும் டின்கள் சில இந்த வகையில்தான் வருகின்றன. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். கறியை மட்டுமே தின்று வளரும் குட்டியின் எலும்பு வலுவிழந்து வளைந்துபோகும்.

அந்த வாக்கியத்துக்கும் இரண்டு வழிகள். காகிதத்தில் கணக்குப் போட்டுச் சத்துகள் தேறுகின்றன என்று காட்டலாம். அல்லது நாய்களுக்கே கொடுத்துப் பார்க்கலாம். இரண்டாவது கேட்கப் பெரிதாக இருக்கிறது. வளர்ந்த நாய்களுக்கான ஆஃப்கோ சோதனைக்குக் குறைந்தது 8 நாய்கள், 26 வாரங்கள். ஆறு நாய்கள் கடைசிவரை நின்றால் போதும். எடையும் சில ரத்த அளவுகளும் பார்ப்பார்கள். பத்து வருடம் தின்றால் என்ன ஆகும் என்பதை ஆறு மாதம் காட்டிவிடாது. ஆனாலும் காகிதக் கணக்கைவிட மேல். இன்னொன்று, ஆஃப்கோ எந்த டின்னையும் சோதித்து ஒப்புதல் தருவதில்லை. ‘ஆஃப்கோ அங்கீகாரம்’ என்று எவராவது விற்றால் சிரித்துவிட்டு நகரலாம்.

முன்பக்கத்தின் கொட்டை எழுத்துகளுக்கும் அமெரிக்காவில் சட்டம் இருக்கிறது. பெயரில் ‘சிக்கன்’ மட்டும் இருந்தால், சேர்த்த நீர் நீங்கலாக 95 சதவீதம் கோழி. ‘சிக்கன் டின்னர்’ என்றால் 25 சதவீதம் போதும். ‘சிக்கனுடன்’ என்றால் 3. ‘சிக்கன் சுவை’ என்றால் சுவை தெரிகிற அளவு. படத்தில் முழுக்கோழி வறுபட்டுக் கிடக்கும்.

இறைச்சி உபபொருள் என்ற சொல்லைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஈரல், மண்ணீரல், நுரையீரல், சிறுநீரகம். குடல் குழம்புக்கும் ரத்தப் பொரியலுக்கும் கடை தேடிப் போகிற ஊரில் இதற்கு ஏன் சுளிக்க வேண்டும்?

டின் உணவுக்குப் பதப்படுத்தும் ரசாயனம் தேவையில்லை. மூடி அடைத்தபிறகு சுமார் 121 டிகிரி செல்சியஸில் அழுத்த நீராவியில் வேகவைப்பதால், பொட்டுலிசம் கிருமியின் வித்துகள்கூட மிஞ்சாது. உப்பிய டின்னையும், விளிம்பு மடிப்பில் நசுங்கிய டின்னையும் மட்டும் வாங்காதீர்கள். அந்தச் சூட்டில் தைமின் எனும் வைட்டமின் பி1 கணிசமாக அழிகிறது. அதை ஈடுகட்ட வைட்டமின் கலவை சேர்க்கிறார்கள். கலவை தப்பினால் எல்லாம் தப்பும். 2019-இல் ஹில்ஸ் நிறுவனம் டின் நாய் உணவுகளைத் திரும்பப் பெற்றது வைட்டமின் டி அளவு மிஞ்சிப்போனதால். தவறு வைட்டமின் கலவை கொடுத்தவரிடமிருந்து வந்தது. கால்நடை மருத்துவர்கள் பரிந்துரைக்கும் பிராண்டுக்கே இது நேர்ந்தது.

நம் நாட்டின் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் ‘உணவு’ என்ற வரையறையிலிருந்து கால்நடைத் தீவனத்தை விலக்கிவைக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் நாய், பூனை உணவுக்கு ஐ.எஸ். 11968 என்ற அளவை வைத்திருக்கிறது. மற்றபடி, கேள்வி கேட்கும் வேலை வாங்குகிறவர் தலையில்தான். டின்னில் இருக்கும் எண்ணுக்கு அழைத்து, சொந்த ஆலையா, சத்துக் கணக்குப் போட்டவர் யார், செரிமானச் சோதனை உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தின் டின் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

மிச்சத்தை நாயே சொல்லிவிடும். ஒரு வாரத்தில் மெதுவாக மாற்றி, அதன்பின் சில வாரம் கவனியுங்கள். மலம் கெட்டியாக, அளவாக இருந்தால் தின்றது உடம்பில் சேர்கிறது. குவியலாகவும் குழைவாகவும் போனால் கணிசமான பகுதி வீணாகிறது. விலாவின் மேல் விரலை ஓட்டினால் அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்கு ஓரிரு விலா கண்ணுக்கே தெரிவது இயல்பு, பயந்து ஊட்டவேண்டாம். மற்ற நாய்களுக்கு விலா விரலில் படவே இல்லையென்றால், பிராண்டை மாற்றுவதற்கு முன் கிண்ணத்தில் போடும் அளவைக் குறையுங்கள்.