ஒரு பூஜ்ஜியம் கூடினால் என்ன ஆகும்?

"ஏக்கருக்கு எத்தனை வாழைக்கன்று பிடிக்கும்?" நடவுப் பருவம் வந்தாலே விவசாயிகள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கணக்கு எளிதுதான். ஆனால், வந்த விடை சரிதானா என்று ஒருமுறை பார்க்கும் பழக்கம் பலரிடம் இல்லை. செல்போனில் தட்டி வந்த எண்ணை அப்படியே நம்பி நர்சரியில் முன்பணம் கட்டிவிடுகிறார்கள்.

ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. 6 அடிக்கு 6 அடி இடைவெளியில் நட்டால் ஒரு வாழைக்கு 36 சதுர அடி. 43,560-ஐ 36-ஆல் வகுத்தால் 1,210 கன்று. விரல் தவறி ஒரு பூஜ்ஜியம் கூடிப்போய் 12,100 என்று வந்தால், மறுபடி கணக்குப் போட வேண்டாம். இலக்கங்களை எண்ணினாலே தப்பு தெரிந்துவிடும். ஒரு ஏக்கரில் 25 அடிக்கு 25 அடி விட்டால் தென்னை 70-க்குள்தான், இரண்டு இலக்கம். இரண்டரை மீட்டருக்கு இரண்டரை மீட்டர் விடும் செடிமுருங்கை ஏறக்குறைய 640, மூன்று இலக்கம். வாழையும் பப்பாளியும் நான்கு. 60 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் விடும் தக்காளி 15,000-ஐ ஒட்டி வரும், ஐந்து இலக்கம். எந்தப் பயிருக்கு எத்தனை இலக்கம் என்பது மனதில் இருந்தால், ஐந்து இலக்கத்தில் வாழைக்கன்று கேட்க நாக்கு எழாது.

இதற்கும் பிடிபடாத தப்பு ஒன்று உண்டு. சாகுபடிக் கையேடுகள் பெரும்பாலும் ஹெக்டேர் கணக்கில்தான் பேசும். 1.8 மீட்டர் இடைவெளி வாழைக்கு ஹெக்டேருக்கு 3,086 கன்று என்று இருக்கும். இதுவும் நான்கு இலக்கம்தான். ஒரு ஏக்கர்காரர் இதைப் பார்த்து 3,000 கன்று இறக்கினால், பாதிக்கு மேல் வரப்பில் கிடந்து காயும். ஹெக்டேர் என்று கண்ணில் பட்டால் உடனே 2.47-ஆல் வகுத்துவிடுங்கள்.

மருந்து விஷயத்தில் புள்ளி இன்னும் ஆபத்தானது. சில மருந்துகளுக்கு லிட்டருக்கு 0.3 மில்லிதான் அளவு. 10 லிட்டர் டேங்குக்கு 3 மில்லி. புள்ளியைக் கவனிக்காமல் 3 மில்லி என்று படித்தவர் டேங்குக்கு 30 மில்லி ஊற்றுவார். பத்து மடங்கு! மூடியால் அளப்பதை விட்டு, அதற்கென்றே ஒரு சிரிஞ்சை ஒதுக்கி வைப்பது நல்லது.

பட்டாவிலும் இதே பிரச்னை உண்டு. அங்கே பரப்பு 'ஹெக்டேர் - ஏர்' என்று இருக்கும். 0 - 40.50 என்றால் ஒரு ஏக்கர். 0 - 04.05 என்றால் வெறும் 10 சென்ட். ஒரு இலக்கம் இடம் மாறினால் 90 சென்ட் காகிதத்தில் காணாமல் போகும். பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் போகும்போதுதான் அது தெரியவரும்; அதுவும் கடைசித் தேதிக்கு முந்தின நாள். ஏர் எண்ணை 2.47-ஆல் பெருக்கினால் சென்ட் வரும். உங்கள் பட்டாவை எடுத்து இன்றைக்கே பெருக்கிப் பாருங்கள்.

பாட்டன் காலத்துப் பத்திரம் தமிழ் எண்ணில் இருந்தால் இலக்கம் எண்ணுவது உதவாது. பழைய முறையில் பூஜ்ஜியம் கிடையாது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறி. 2,340-ஐ ௨௲௩௱௪௰ என்று ஆறு குறியில் எழுதுவார்கள். ஆயிரத்துக்கோ ஒரே குறி. டெல்டா பக்கம் பரப்பும் மா, வேலி என்றுதான் இருக்கும். மா என்பது 33 சென்ட், 20 மா ஒரு வேலி. பெரும்பாலான பத்திரங்களில் பரப்பை எழுத்தாலும் எழுதியிருப்பார்கள். எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள்.

பட்டாவில் பரப்பு குறைந்திருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் திருத்தம் கேட்டு மனு கொடுக்கலாம். கிரயப் பத்திர நகலோடு புலப்படத்தின் நகலையும் இணைத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.