கால் தொட்டுப் பார்க்கும் கம்ப்யூட்டர்!

"ஏனுங் டாக்டருங்... புள்ளை பொழைச்சுக்குமுங்களா?"

கோயமுத்தூரில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இந்தக் கேள்வி எழாத நாளே கிடையாது. பொள்ளாச்சி, கோபி, தாராபுரம், ஊட்டி, ஏன், மலை தாண்டிப் பாலக்காட்டிலிருந்துகூட வந்து, வராந்தாவில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். உயிர் போகிற அவசரத்திலும் 'ங்க' போடாமல் பேசத் தெரியாத ஜனங்கள்!

டாக்டர் என்ன சொல்வார்? "இருபத்துநாலு மணி நேரம் போகட்டும்ங்க, அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்."

சினிமாவில் கேட்டுக் கேட்டு நாம் கிண்டலடிக்கும் அதே வசனம்! ஆனால் பாருங்கள், அந்த 24 மணி நேரத்துக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் முர்ரே பொல்லாக் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1988-ல் 'பிரிசம்' என்று ஒரு மார்க் ஷீட் போட்டார்கள். ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, மூச்சு, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு... அட்மிட் ஆன முதல் 24 மணி நேரத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு மோசமாகப் போனது என்று மார்க் போட வேண்டும். ஸ்கூல் பரீட்சைக்கு நேர்எதிர். இங்கே மார்க் ஏற ஏற ஆபத்து. 1996-ல் 32 ஆஸ்பத்திரிகளில் பதினோராயிரத்துச் சொச்சம் அட்மிஷன்களைப் பார்த்து அதைத் திருத்தினார்கள். மறு வருஷமே ஆஸ்திரேலியாவிலிருந்து 'பிம்' வந்தது. "இருபத்துநாலு மணி நேரமெல்லாம் வேண்டாம், வந்த ஒரு மணி நேரத்துக்குள் எட்டே எட்டு விவரம் போதும்" என்றது அது.

இதெல்லாம் பேப்பர், பேனா, கால்குலேட்டர் காலம். இப்போது அந்த நாற்காலியில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்திருக்கிறது. 'மெஷின் லேர்னிங்' என்கிறார்கள். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். ஆவாரம்பாளையத்துப் பட்டறையில் முப்பது வருஷம் மோட்டார் ரிப்பேர் பார்த்தவரிடம் போய் நில்லுங்கள். சுவிட்சைப் போட்டுவிட்டுக் காதைச் சாய்ப்பார். "பேரிங் போகுதுங்க, ஒரு மாசம் தாங்காது" என்பார். யார் அவருக்கு ஃபார்முலா சொல்லிக் கொடுத்தார்கள்? ஆயிரம் மோட்டார் ஓடியதையும் ஓடாமல் நின்றதையும் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். கம்ப்யூட்டருக்கும் அதேதான். இத்தனை குழந்தைகள் வந்தார்கள், உடம்பு இப்படி இருந்தது, முடிவு இப்படி ஆனது என்று ஆயிரக்கணக்கில் காட்டினால், அடுத்த குழந்தையைப் பார்த்ததும் ஜாடையைப் பிடித்துக்கொள்கிறது.

பலன் உண்டா? உண்டு. குறைமாதக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் தொற்று வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே இதயத் துடிப்பின் தாளம் மாறுகிறது என்று வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் கண்டுபிடித்தார்கள். ஆரோக்கியமான குழந்தையின் துடிப்பு ஏறி இறங்கி விளையாடும். தொற்று வரப்போகிற குழந்தையின் துடிப்பில் அந்த விளையாட்டு அடங்கிப் போகும். இதைக் கணக்கிட்டு மானிட்டரில் ஓர் எண்ணாகக் காட்டினார்கள். அமெரிக்காவில் ஒன்பது ஆஸ்பத்திரிகளில் மூவாயிரத்து மூன்று குழந்தைகள். பாதிப் பேருக்கு அந்த எண்ணை டாக்டர் பார்க்கலாம், மீதிப் பேருக்குப் பார்க்க முடியாது. 2011-ல் முடிவு வெளியானது. எண்ணைப் பார்க்காத பக்கம் நூற்றுக்கு 10.2 குழந்தைகள் இறந்தார்கள். பார்த்த பக்கம் 8.1. சின்ன வித்தியாசம்தானே என்கிறீர்களா? அந்த இரண்டு குழந்தைகளின் அம்மாக்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்!

சரி, நம் நாட்டில்?

டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு காரியம் நடந்தது. கேள்விப்பட்டதும் எனக்கு நம்மூர் அம்மாயிகள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். காய்ச்சல் கண்ட பேரப்பிள்ளைக்கு நெற்றியில் கை வைத்துவிட்டு, அடுத்து எங்கே தொடுவார்கள்? பாதத்தை! "கண்ணு, காலு ஜில்லுன்னு கெடக்குதே... வண்டியைக் கூப்புடு" என்பார்கள். தெர்மாமீட்டருக்கு முந்தைய விஞ்ஞானம் அது. உடம்பில் ரத்த ஓட்டம் தடுமாறி 'ஷாக்' நிலைக்குப் போகும்போது, உடம்பு மூளையையும் இதயத்தையும் காப்பாற்றப் பார்க்கும். கை காலுக்குப் போகிற ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். வயிறு சுடும், பாதம் குளிரும். ரத்த அழுத்தமோ குழந்தைகளுக்குக் கடைசி வரை சரியாகவே காட்டிக்கொண்டிருக்கும். அது விழும்போது நேரம் கடந்திருக்கும்.

எய்ம்ஸ் டாக்டர்களும் டெல்லி ஐ.ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்களும் வெப்பத்தைப் படம் பிடிக்கிற கேமராவால் படுக்கையிலிருக்கும் குழந்தையைத் தொடாமலேயே படம் எடுத்தார்கள். 539 படங்கள். வயிற்றுக்கும் பாதத்துக்கும் சூட்டில் எவ்வளவு வித்தியாசம் என்று கம்ப்யூட்டரே அளந்து, ஷாக் வருமா வராதா என்று சொல்ல வேண்டும். 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். ஷாக் வரப்போகிற குழந்தை ஒன்று, வராத குழந்தை ஒன்று. இதில் யார் ஆபத்தில் என்று மூன்று மணி நேரம் முன்பே கேட்டால், நூற்றுக்கு எழுபத்தைந்து தடவைக்குச் சற்று மேலே சரியாகக் காட்டியது. பன்னிரண்டு மணி நேரம் முன்பே கேட்டால் எழுபதுக்குச் சற்றுக் கீழே. காசைச் சுண்டினால் ஐம்பது. ஆக, பாஸ் மார்க், டிஸ்டிங்ஷன் இல்லை. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு ஒரே நர்ஸ் எட்டுக் குழந்தைகளைப் பார்க்கிற வார்டில் மூன்று மணி நேர முன்னறிவிப்பு லேசுப்பட்ட விஷயமில்லை.

இனி கோளாறுகளுக்கு வருவோம். இங்கேதான் சுவாரஸ்யமே.

தொண்ணூறுகளில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று கம்ப்யூட்டரைக் கேட்டார்கள். எல்லாம் நன்றாகச் சொன்ன அந்த மேதாவி, "ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்து குறைவு" என்றும் ஒரு போடு போட்டது! டாக்டர்கள் அலறினார்கள். விசாரித்தால், விஷயம் வேறு. ஆஸ்துமாக்காரருக்கு நிமோனியா என்றாலே பதறிப்போய் நேரே ஐ.சி.யூ.வில் சேர்த்து விழுந்து விழுந்து கவனித்திருக்கிறார்கள். அதனால் பிழைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது பிழைத்த கணக்கு மட்டும், பதறியது தெரியாது. அதன் பேச்சைக் கேட்டிருந்தால் ஆஸ்துமாக்காரரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்!

இன்னொன்று. அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் ஓடிக்கொண்டிருந்த ஒரு 'செப்சிஸ்' எச்சரிக்கை மணியை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2021-ல் சோதித்தார்கள். பெரியவர்களுக்கானதுதான். மூன்று பேரில் இரண்டு பேரை அது கோட்டை விட்டது. ஆனால் மணி மட்டும் ஓயாமல் அடித்தது. விடிய விடிய குரைக்கிற நாயை யார் எழுந்து பார்ப்பார்கள்?

இப்போது நம் வராந்தாவுக்குத் திரும்பினால், நிலைமை இன்னும் சிக்கல். 2024-ல் குழந்தைகளின் செப்சிஸை அடையாளம் காண 'ஃபீனிக்ஸ்' என்ற புது அளவுகோல் வந்தது. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரி வருகைகளைக் கம்ப்யூட்டர் உதவியோடு அலசி உருவாக்கியது. அமெரிக்கா, சீனா, கொலம்பியா, கென்யா, பங்களாதேஷ்... ஐந்து நாடுகள். பட்டியலில் இந்தியா இல்லை. நம் பிள்ளைகளுக்கு அது உதவாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அரளி விதையைத் தின்றுவிட்ட குழந்தையை, தேள் கொட்டி வியர்த்துக் கொட்டும் குழந்தையை, மூன்று நாள் கை வைத்தியம் பார்த்துவிட்டு நாலாம் நாள் வந்து சேர்ந்த டெங்குக் குழந்தையை வாஷிங்டன் கம்ப்யூட்டர் எத்தனை முறை பார்த்திருக்கும்? பார்க்காத மோட்டாரின் சத்தத்தைப் பட்டறைக்காரராலும் சொல்ல முடியாது. இங்கத்திய குழந்தைகளின் கணக்கு இங்கேதான் சேர வேண்டும். நர்ஸம்மாக்கள் மணிக்கொரு தரம் எழுதுகிற அந்தச் சார்ட்டுதான் நாளைக்குக் கம்ப்யூட்டருக்குப் பாடப்புத்தகம்.

அந்தப் புத்தகத்திலும் ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது. அதைச் சொல்ல மனசு கனக்கிறது. "ரொம்பக் கஷ்டம்" என்ற வார்த்தை காதில் விழுந்ததும், ஆட்டை விற்று, தோட்டை அடகு வைத்து, அதுவும் தீர்ந்துபோனவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். இவர்களைக் கணக்கில் எப்படி எழுதுவது? 'வீடு திரும்பினார்' என்று எழுதினால், பிழைத்ததாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். 'இறந்தார்' என்று எழுதினால் அதைவிட மோசம். பிழைக்காது என்று கம்ப்யூட்டர் சொல்ல, அதை நம்பி வெண்டிலேட்டரை விட்டு எடுத்துப் போக, குழந்தை இறக்க, "பார்த்தாயா, நான் சொன்னது சரி" என்று அது தனக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ளும்!

நூற்றுக்கு இருபது ஆபத்து என்றால், இதே நிலையிலுள்ள நூறு குழந்தைகளில் இருபது பேர் என்றுதான் அர்த்தம். அந்த இருபதில் உங்கள் குழந்தை உண்டா என்று எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. அதனால், அதன் வேலை யாரை முதலில் ஓடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்வதோடு நிற்க வேண்டும். யாரை விட்டுவிடலாம் என்று சொல்வது அதன் வேலையில்லை. இது என் கட்சி.

கேமரா வருகிற வரைக்கும் கை இருக்கிறது. டெங்குவில் காய்ச்சல் விட்டதும் "அப்பாடா" என்று உட்காராதீர்கள். விடுகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் கண்டம். கை கால் ஜில்லிட்டால், ஓயாமல் வாந்தி எடுத்தால், வயிறு வலித்தால், ரத்தக் கசிவு தெரிந்தால், சிறுநீர் குறைந்தால், குழந்தை துவண்டு படுத்தால், 108-க்கு உடனே போன் பண்ணுங்கள். சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து கோயமுத்தூருக்கு அனுப்பினால், என்ன மருந்து, எத்தனை மில்லி டிரிப்ஸ், கடைசியாகச் சிறுநீர் போனது எத்தனை மணிக்கு என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வந்ததும் டாக்டர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.