எந்த ஆண்டின் பெரம்பலூர்?

1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001 ஜனவரி 1-இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் 31-இல் இரண்டையும் மறுபடி சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-இல் அரியலூர் திரும்பவும் தனிக்குடித்தனம் போயிற்று.

பெயர்ப்பலகையை மாற்றியதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. கணினியில் வரைபடம் போடுகிறவர்களை இந்தப் போக்குவரத்து இன்றும் படுத்துகிறது.

மழையளவோ மக்காச்சோள விளைச்சலோ, எதை வரைபடமாக்கினாலும் முதலில் மாவட்டத்தின் எல்லைக்கோடு வேண்டும். ஆர் எனும் நிரல்மொழியில் 'ஜியோடேட்டா' என்ற தொகுப்பு, 'கேடம்' எனும் உலக எல்லைத் தரவுத்தளத்திலிருந்து அதை ஒரே வரி நிரலில் இறக்கித் தருகிறது. சூட்சுமம் அந்த வரிக்குள் நாம் தரும் விருப்பங்களில் இருக்கிறது. மட்டம் 1 என்றால் மாநிலம், 2 மாவட்டம், 3 தாலுகா. எந்த ஃபோல்டரில் வைப்பது என்று சொல்லிவிட்டால், அடுத்த முறை இறக்காமல் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்.

துல்லியத்துக்கு 1, 2 என இரண்டே அளவு. 2 சின்னக் கோப்பு, சட்டென்று வரும்; ஆனால் வளைவுகளை நறுக்கிவிடும். அரியலூருக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே எல்லையாக ஓடுவது கொள்ளிடம். அதன் வளைவை நேராக்கினால், வடகரையில் இருக்கும் திருமழபாடியின் புள்ளி தஞ்சாவூரில் போய் விழுந்தாலும் விழும். மாநில அளவிலான படத்துக்கு 2 போதும். ஊர்க் கணக்குக்கு 1-தான்.

எல்லாவற்றையும்விடச் சிக்கலான விருப்பம் பதிப்பு. அது தரவுத்தளம் வெளியான வரிசை எண். எல்லையின் ஆண்டு அல்ல. அமெரிக்க எல்லைகளுக்கான 'டைக்ரிஸ்' தொகுப்பில் ஆண்டையே கேட்டு வாங்கலாம். கேடமில் அது முடியாது.

ஆண்டு தவறினால் என்ன ஆகும்? 2001 கணக்கெடுப்பு நடந்தபோது இரண்டும் தனித்தனி மாவட்டங்கள்: பெரம்பலூரில் 4,93,646 பேர், அரியலூரில் 6,95,524 பேர். இவற்றை 2003-இன் ஒன்றுபட்ட எல்லைக்குள் கொட்டினால் பெரம்பலூருக்கு 11,89,170 பேர் வந்துவிடுவார்கள். 2011-இல் பெரம்பலூரின் மக்கள்தொகை 5,65,223. பத்தாண்டில் பாதிக்கு மேல் ஆள் காலி என்று வரைபடம் சிவப்பில் கூவும். உண்மையில் நடந்ததோ சுமார் 14.5 சதவீத வளர்ச்சி! நிரல் எங்கும் பிழைச்செய்தி காட்டாது என்பதுதான் வம்பு.

நாட்டு எல்லையிலும் கவனம் வேண்டும். வெளிநாட்டுத் தரவுத்தளங்கள் காஷ்மீரை வேறுவிதமாக வரைகின்றன. இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்துக்கு மாறான இந்திய வரைபடத்தை வெளியிடுவது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அச்சுக்கோ இணையத்துக்கோ போகும் படமென்றால் அத்துறையின் எல்லைக் கோப்பையே எடுங்கள். படத்தின் அடியில் அது எந்த ஆண்டின் எல்லை என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.